மாலை போட்ட கை

நோரா மேடம் என் எதிரே உட்கார்ந்து, வைத்த காபியைத் தொடாமல், "பார்கவி எங்க சார்?" என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் என் மகன் பிரகாஷ் இருந்தான். அவர் வருகிறார் என்பதற்காகக் கோட்டு போட்டு, லேப்டாப்பில் படங்கள் தயார் செய்து, அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் அவனைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார். மகன் இருக்கும்போது மருமகளை விசாரித்துக்கொண்டு வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் வாசலில் நிறுத்தியே பேசி அனுப்பிவிடுவோம். இவரை அப்படி அனுப்ப முடியாது. பெங்களூர் பீன்யாவில் எங்கள் ஷெட்டில் ஓடுகிற மிஷின்கள் எல்லாம் அவருடைய கம்பெனி பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்துதான் ஓடுகின்றன.

"உள்ள ஷாப்புல இருக்குது. கூப்பிடச் சொல்றேன்," என்றேன்.

"வேணாம் சார், நானே போய்ப் பாக்குறேன்," என்று எழுந்துவிட்டார். பிரகாஷ் லேப்டாப்பைப் பாதி மூடி, மறுபடி திறந்து, பிறகு மூடினான்.

என் அறைக்கும் மிஷின்கள் ஓடுகிற ஷாப்புக்கும் நடுவே ஒரு கண்ணாடி. ஷெட் கட்டும்போதே அதை வைக்கச் சொன்னேன். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது வேலை செய்கிறவனுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கண்ணாடி வழியாக அன்று நான் பார்த்தது இது. பார்கவி ஒரு சிஎன்சி மிஷின் பக்கத்தில் கையில் ஷாஃப்டோடு நின்றிருந்தாள். அந்த மிஷினை ஓட்டுகிற ரங்கா அவளிடம் எதையோ மறுத்துப் பேசிக்கொண்டிருந்தான். மறுத்துப் பேசினான். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நோரா மேடம் போய் நின்றதும் ரங்கா பேச்சை நிறுத்தவில்லை, அவரையும் சேர்த்துக்கொண்டு பேசினான். சுற்றி இருந்தவர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் உள்ளே போனால் எல்லாருடைய முதுகும் நேராகும், ஒரு நிமிஷம் கைகள் நிற்கும். அவள் போனால் எதுவும் நிற்காது. அது மரியாதைக் குறைவு என்று தனலக்ஷ்மியிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். "வேலை நடக்குதில்ல, அப்பறம் இன்னா," என்பாள் என் மனைவி. அவள் ஷெட்டை வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்குப் பார்க்கிறவள்.

திரும்பி வந்து நோரா மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார். அவர்கள் புதிதாக ஒரு பம்ப் கொண்டுவருகிறார்கள். அதற்கான ஷாஃப்ட் முழுவதையும் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கொடுக்கப் போகிறார்கள். எங்களுக்கே கொடுக்க விருப்பம்.

"ஒண்ணே ஒண்ணு சார். இங்க முடிவு எடுக்குறது யாரு?"

"நான்."

"உங்களுக்கப்பறம்?"

"என் மகன்."

அவர் காபி டம்ளரை விரலால் தள்ளி வைத்தார். "ஓப்பனா சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் இங்கிருந்து வந்த சரக்கு எத்தனை தடவை திரும்பி வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். பார்கவி வந்து ஷாப்பை எடுத்துக்கினதுக்கு அப்பறம் ஒண்ணுகூட வரல. அவங்கதான் ஹெட்டுன்னு நீங்க பேர் போட்டுக் குடுத்தா ஆர்டர் உங்களுது. இல்லைன்னா எங்க ஆளுங்க வேற இடம் பாக்கச் சொல்றாங்க."

"இது எங்க வீட்டு விஷயம்மா."

"எங்களுக்கு அது ஷாஃப்ட் விஷயம் சார்."

நான் பதில் சொல்வதற்கு முன் பிரகாஷ் சிரித்தபடி, "நோ இஷ்யூஸ் மேடம், பண்ணிடலாம்," என்றான். மனதாரச் சொன்னான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பூஜை லீவு முடிந்ததும் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். நான் அந்தக் காபியை எடுத்து வாஷ்பேசினில் ஊற்றினேன்.

என் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆபீசர் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினால் கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சரளைக் கல்லில் வெறுங்காலோடு நடந்து போய் நிற்பார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். அந்தச் சரளைக் கல் இன்னும் என் காலில் இருக்கிறது. சுரங்கத்தின் ஒர்க்‌ஷாப்பில் டர்னராக இருந்து, அதை விட்டுவிட்டு, ஒரு பழைய லேத்தோடு பீன்யாவுக்கு வந்தேன். ஷெட்டின் நெற்றியில் என் அப்பா பெயரை எழுதினேன். கீழே எழுதிய என் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இடம் விட்டிருக்கிறது. அது என் மகனுக்கு. பெயிண்டர்கூட ஏன் சார் ஒரு பக்கமாகத் தள்ளி எழுதச் சொல்கிறீர்கள் என்று கேட்டான்.

ஆட்களை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. என்னோடு தங்கவயலிலிருந்து வந்தவர்களை வைத்துத்தான் ஆரம்பித்தேன். ஹெர்பர்ட் முதல் ஆள். மாரிகுப்பத்திலிருந்து ரயிலில் பெங்களூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார்கள். ரயில் தாமதமானால் ஷிப்டும் தாமதம். எவனையும் நான் கேட்டதில்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணம், காரியம் எதையும் விட்டதில்லை. கோபம் வந்தால் எல்லார் முன்னாலும் திட்டுவேன், அன்றே கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போடுவேன். முடிவு மட்டும் என்னுடையது. மிஷினை நிறுத்தவோ, சரக்கைத் தள்ளவோ, வாடிக்கைக்காரரிடம் பேசவோ வேறு யாருக்கும் அதிகாரம் இருந்ததில்லை.

ஆயுத பூஜைக்கென்று நானே ஒரு வழக்கம் வைத்தேன். அவரவர் மிஷினுக்கு அவரவர்தான் மாலை போட வேண்டும். லீவு முடிந்து வந்து, போட்ட கைதான் அதை எடுக்க வேண்டும், எடுத்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். மிஷினுக்குச் சொந்தக்காரன் அதை ஓட்டுகிறவன், பத்திரத்தில் பெயர் இருக்கிறவன் அல்ல என்று அப்போது மேடைபோட்டுச் சொல்லியிருக்கிறேன். ஹெர்பர்ட் சர்ச்சுக்குப் போகிறவர். அவரும் போடுவார். ஒரு வருஷம் பூஜைக்குப் பிறகு ஒருவனுக்கு மஞ்சள் காமாலை. அவன் எழுந்து வரும்வரை அந்த மிஷினை நான் ஓட்டவில்லை. மாலை கருகிச் சருகாகித் தொங்கியது. அவன் வந்து எடுத்தபோது அழுதான். பிரகாஷ் படித்த காலேஜில் இதையெல்லாம் சொல்லித்தர மாட்டார்கள்.

அவனுக்கு வேறு பாடம் சொல்லித்தந்திருந்தார்கள். விமான பாகங்கள் செய்தால்தான் எதிர்காலம் என்று ஆர்டர் கையில் வருவதற்கு முன்பே ஒரு பெரிய மிஷினை இறக்கினான். முகத்தைப் பார்த்து நேரம் குறிக்கிற கருவியை வாசலில் மாட்டினான். ரயில் தாமதமானவனுக்கு அரைநாள் சம்பளம் போனது. பழைய ஆட்கள் சிலர் நின்றுவிட, காண்ட்ராக்டர் மூலம் புது ஆட்களை எடுத்தான். அவர்களுக்கு மிஷின் தெரியவில்லை, அவனுக்கு அவர்கள் பெயர் தெரியவில்லை. சரக்கு திரும்பி வர ஆரம்பித்தது. அவன் ஒருநாள் ரங்காவைப் பார்த்து, "உன்னை மாதிரி ரோட்டுல நெறைய பேர் கிடைப்பான்," என்று கத்தினான். நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் நான் கத்தினால் ரங்கா தலை குனிவான். அவனுக்கு ரங்கா குனியவில்லை, கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். பெரிய மிஷின் நீலப் பிளாஸ்டிக் போர்வைக்குள் அப்படியே இருந்தது.

பார்கவியை நான் கூப்பிடவில்லை. தனலக்ஷ்மி கூப்பிட்டாள். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர் வீட்டுப் பெண். பிரகாஷ் விரும்பிக் கட்டிக்கொண்டவள். பெரிய கம்பெனியில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்தில் இருந்தாள். அதை விட்டுவிட்டு வந்து, முதல் வேலையாக வாசல் கருவியில் ரயிலில் வருகிற வயல்காரர்களுக்கு மட்டும் நேரத்தைத் தள்ளி வைத்தாள். தினமும் காலையில் எல்லாரையும் நிற்க வைத்து நேற்று என்ன கெட்டது என்று கேட்டாள். கெடுத்தவனை அல்ல, கெட்டதைச் சொல்லச் சொன்னாள். சரக்கு தப்பாக வருகிறது என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் மிஷினை நிறுத்தலாம் என்றாள். விமான பாகத்தை இப்போதைக்கு மறந்துவிட்டு ஷாஃப்டை மட்டும் ஒழுங்காகச் செய்வோம் என்றாள். நின்று போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நான் இதில் எதையும் தடுக்கவில்லை. செய்யட்டும் என்றுதான் இருந்தேன். வீட்டுப் பெண் வீட்டுக்கு உழைப்பதில் குறை என்ன?

பெயர் என்பது வேறு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பிரகாஷ் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நைனா, அவளுக்கே குடுத்துடு. எனக்கு ஒண்ணும் இல்ல."

"உனக்கு ஒண்ணும் இல்லடா. நாளைக்கு ஒருத்தன் வந்து உன் பொண்டாட்டிகிட்ட கையெழுத்து வாங்கிக்கினு போவான். நீ பக்கத்துல நின்னு பேனா மூடியைப் பிடிச்சிக்கினு இருப்பே."

"புடிச்சிட்டுப் போறேன்," என்றான். "எனக்கு ஆளுங்களை வெச்சி வேலை வாங்க வரல நைனா. டிராயிங் குடு, பாக்குறேன். மிஷின் செட்டிங் குடு, பாக்குறேன். மனுஷனைக் குடுத்தா எனக்குத் தெரியல."

வெட்கப்பட வேண்டியவன் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். அவனுக்கும் சேர்த்து நான்தான் பட வேண்டியிருந்தது. தனலக்ஷ்மி, "புள்ளையே சொல்றான், உனக்கு இன்னாத்துக்கு வீம்பு," என்றாள். "உன் அப்பா பேரை எழுதின. அவுரு பொண்டாட்டி பேரை எவனாவது எழுதினானா? அந்தம்மாதானே வூட்ட நடத்துச்சு." நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

பூஜைக்கு முந்தின நாள் பார்கவி என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மாவா," என்றாள். அவர்கள் பக்கத்தில் மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எனக்கு இந்த நாற்காலி வேணாம். நீங்களே உக்காருங்க. ஷாப்புக்கு யாரு பொறுப்புன்னு மட்டும் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

"நீ செய்றதைச் செய்துக்கினுதானே இருக்கே. யாரு வேணாம்னா? பேரு அவன் பேரா இருக்கட்டும்."

"நான் ஒண்ணு சொல்றேன், அவர் வேற சொல்றார். அவங்க யார் பேச்சைக் கேப்பாங்க?"

"புருஷன் சொன்னா நீயும்தான் கேக்கணும்."

அவள் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாக ஷாப்பைப் பார்த்தாள். "வீட்டுல கேக்குறேன் மாவா. இன்னிக்கும் கேப்பேன். இங்க கேட்டா சரக்கு திரும்பி வருது." குரலை உயர்த்தவே இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நாளைக்கு நீங்க என்ன சொல்றீங்களோ, அதை வெச்சி நானும் ஒரு முடிவு பண்ணிக்கிறேன்," என்றாள்.

மிரட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். மிரட்டலுக்குப் பணிந்து கொடுத்ததாக நாளைக்கு எவனும் பேசக் கூடாது என்றும் நினைத்தேன்.

ஆயுத பூஜையன்று வாசலில் வாழைக்கன்று கட்டி, மிஷின்களுக்குத் திருநீறும் சந்தனமும் இட்டு, பொரியும் கடலையும் மலையாகக் குவித்தார்கள். எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவரவர் மிஷினுக்கு அவரவர் மாலை போட்டார்கள். ஹெர்பர்ட் தன் பழைய லேத்துக்குப் போட்டார், நான் வயலிலிருந்து கொண்டுவந்த லேத்து அதுதான். பெரிய மிஷினுக்கு ஆள் கிடையாது. பிரகாஷ் நீலப் பிளாஸ்டிக்கை விலக்கி அவனே ஒரு மாலை போட்டான். பூசணிக்காய் உடைத்ததும் சாவிக்கொத்து வைத்த தட்டு என் கைக்கு வந்தது. வருஷா வருஷம் அதைச் சாமி முன்னால் வைத்து நானே எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வேன். இந்த வருஷம் கொடுக்கப் போகிறேன் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பார்கவி பெண்கள் பக்கத்தில் ரங்காவின் மனைவியோடு நின்றிருந்தாள். நான் பிரகாஷைக் கூப்பிட்டேன். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "டேய், இங்க வா," என்றேன். வந்தான். சாவியை அவன் கையில் வைத்து, "எங்க அப்பா பேர்ல ஆரம்பிச்சது. என் மகன் கையில குடுக்குறேன்," என்றேன். குரல் நன்றாகவே வந்தது. பார்கவிதான் முதலில் கை தட்டினாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தட்டினார்கள்.

லீவு முடிந்த அன்று வேலைக்கு வந்தவர்கள் காண்ட்ராக்ட் ஆட்கள் சிலரும் வாட்ச்மேனும்தான். அவர்கள் மிஷின் ஓட்டுகிறவர்கள் அல்ல. நோரா மேடத்துக்கு பிரகாஷ் போன் செய்தான், எடுக்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில் மரியாதையாக ஒரு மெயில் வந்தது. புது ஆர்டர் பீன்யாவிலேயே வேறொருவருக்குப் போயிற்று. பார்கவியை ஷாப்புக்குத் தலைவியாக வைத்துக்கொண்டவர் அவர்தான். எங்களிடம் இருந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். அவள் யாரையும் கூப்பிடவில்லை என்று பிரகாஷ் சொன்னான். கூப்பிட்டிருந்தால் நான் போலீசுக்காவது போயிருப்பேன்.

இதில் என்னால் யாரிடமும் சொல்ல முடியாத சங்கதி ஒன்று உண்டு. அவள் இன்னமும் எங்கள் ஜீவனஹள்ளி வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் எழுந்து எனக்குச் சர்க்கரை இல்லாமல் காபி போடுகிறாள். "ஊட்டா ஆய்தா மாவா?" என்று கேட்டுத்தான் ராத்திரி அவள் தட்டு வைத்துக்கொள்கிறாள். சாப்பிட்டாச்சு என்கிறேன். காலையில், "ஹோகி பர்த்தினி மாவா," என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறாள். என் மகன் காரில் அவளை அங்கே இறக்கிவிட்டு, அப்புறம் சாவிக்கொத்தோடு எங்கள் ஷெட்டுக்கு வருகிறான். இரண்டு ஷெட்டுக்கும் நடுவே ஒரே தெருதான். மருமகள் வீட்டை உடைத்தாள் என்று சொல்லவும் எனக்கு வழி வைக்கவில்லை.

ஹெர்பர்ட் மட்டும் முறையாகச் சொல்லிக்கொள்ள வந்தார். பழம், வெற்றிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"போறேண்ணா."

"போ."

"கோவமாண்ணா?"

"எனக்கு இன்னா கோவம். உன் லேத்துல மாலை அப்படியே கிடக்குது. வந்து எடுத்துட்டுப் போ."

ஹெர்பர்ட் கையில் இருந்த தொப்பியை ஒருமுறை திருப்பினார். "அது வேலையில இருக்குறவனுக்குண்ணா," என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு கை தட்டுச்சு பாத்தியாண்ணா," என்றார். "நா தட்டியிருக்க மாட்டேன்." தனலக்ஷ்மி கொண்டுவந்த காபியை முழுவதும் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார்.

நேற்று நான் ஷெட்டுக்குப் போனேன். பிரகாஷ் அறையில் இருந்தான். யாரோ பெரிய மிஷினை விலை கேட்டிருக்கிறார்களாம், போனில் பேசிக்கொண்டிருந்தான். ஷாப்பில் விளக்கு போடவில்லை. வரிசையாக மிஷின்கள் நின்றன. சந்தனம் காய்ந்து உதிர்ந்து, சாமந்தி கருத்து, ஒவ்வொரு மிஷினின் கழுத்திலும் மாலைகள் கயிறு மாதிரி தொங்கின. மாலை எடுத்திருந்த மிஷின் ஒன்றே ஒன்றுதான். நீலப் பிளாஸ்டிக்குக்குள் இருந்த பெரிய மிஷின். போட்டவன் வந்து எடுத்திருக்கிறான். என் மகன் வழக்கம் தெரிந்தவன்தான்.

அவன் பின்னால் வந்து நின்றான். "நைனா, நாளைக்கு ஆளுங்க மிஷின் பாக்க வராங்க. இதெல்லாம் எடுத்துடட்டுமா? பாக்க நல்லா இல்ல."

"தொடாதே."

"யாரும் வர மாட்டாங்க நைனா."

"போட்டவன் எடுப்பான்."

அவன் போய்விட்டான். நான் ஹெர்பர்ட்டின் லேத்து முன்னால் போய் நின்றேன். என் கையால் முதல் ஷாஃப்ட் கடைந்த லேத்து. எத்தனையோ வருஷமாக நான் அதைத் தொட்டதில்லை. மாலையில் கை வைக்கவில்லை. மெயின் சுவிட்சைப் போட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினேன். முக்கிவிட்டு, பிறகு பழைய சத்தத்தோடு அது சுற்ற ஆரம்பித்தது. அதிர்வில் காய்ந்த பூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, கீழே தட்டில் ஹெர்பர்ட் விட்டுப்போன இரும்புச் சுருள்களின்மேல் விழுந்தன. நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிரகாஷ் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிப் பூவும் விழுந்த பிறகு வெறும் நார் மட்டும் மிஷினின் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அது அறுந்து விழட்டும் என்று நான் லேத்தை நிறுத்தவில்லை.